விசுவாசம் போன பிறகும் போகாத பெயர்: கால்டுவெல் நன்கொடையின் கணக்கு

வாஷிங்டன் நகரின் வடகிழக்கே, ப்ரூக்லேண்ட் பகுதியில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது தனக்கென்று கட்டிய முதல் கட்டடத்துக்குக் கால்டுவெல் மண்டபம் என்று பெயர். அந்தப் பெயருக்குரியவர் மேரி க்வெண்டலின் கால்டுவெல். 1884இல், 21 வயதில், பல்கலைக்கழகம் தொடங்குவதற்காக 3 லட்சம் டாலர் கொடுத்தவர். 1904இல் அவரே, கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு வெளியேறிவிட்டதாகப் பகிரங்கமாக எழுதினார். பணம் திரும்பிப் போகவில்லை. மண்டபத்தின் பெயரும் மாறவில்லை. (திராவிட மொழிகளை ஒப்பிட்டு எழுதிய இடையன்குடிக் கால்டுவெல் இங்கே நினைவுக்கு வரலாம். அவர் ஆங்கிலிக்கன் ஆயர்; இது வேறு குடும்பம்.)

பெருங்கொடை கொடுத்தவருக்கும் கொடை வாங்கிய சமய நிறுவனத்துக்கும் மனக்கசப்பு என்று எப்போது செய்தி வந்தாலும் ஒரே மாதிரியான கேள்விகள் எழுகின்றன. கொடுத்தவர் மனம் மாறினால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? அவர் பெயரை நிறுவனம் அழிக்கலாமா? அழித்தே தீர வேண்டுமா? கால்டுவெல் விஷயத்தில் விடை 1904இன் கடிதத்தில் இல்லை. 20 ஆண்டுகளுக்கு முன் அவர் கையெழுத்திட்ட நிபந்தனைகளில் இருக்கிறது.

பணம் வந்த வழி

தாத்தா ஜேம்ஸ் கால்டுவெல் இங்கிலாந்தில் பிறந்த நாடக நடிகர். நியூ ஆர்லியன்ஸ் நகரில் நாடக அரங்குகள் கட்டினார். அரங்குக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக எரிவாயு விளக்குத் தொழிலில் இறங்கினார். பிறகு அரங்கை விட வாயுதான் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது. மகனுக்கு வில்லியம் ஷேக்ஸ்பியர் கால்டுவெல் என்று பெயர் வைத்ததில் நாடக ஆசை தெரிகிறது. ஆனால் மகன் கையில் எடுத்தது வாயுத் தொழிலைத்தான். வளர்ந்துகொண்டிருந்த அமெரிக்க நகரங்களில் வாயு நிலையங்கள் அமைத்துப் பெரும் செல்வம் சேர்த்தார்.

வில்லியம் கத்தோலிக்கராக மதம் மாறியவர். மனைவி கென்டக்கி மாநிலத்தின் பெயர்பெற்ற ப்ரெக்கின்ரிட்ஜ் குடும்பத்துப் பெண். 1867இல் மனைவி இறந்தார். அவர் நினைவாக லூயிவில் நகரில் தூய மேரி, எலிசபெத் பெயரில் ஒரு மருத்துவமனையை நிறுவ வில்லியம் பணம் கொடுத்தார். 1874இல் அவரும் இறந்தார். 1863இல் பிறந்த மேரி க்வெண்டலின், 1865இல் பிறந்த லீனா என்று அழைக்கப்பட்ட மேரி எலிசபெத் என இரண்டு பெண் குழந்தைகளும் பெற்றோர் இல்லாமல், ஆனால் பெரும் சொத்துடன், கத்தோலிக்கப் பாதுகாவலர்களின் பொறுப்பில் நியூயார்க்கில் வளர்ந்தார்கள். படிப்பு திரு இருதய சபைக் கன்னியர் நடத்திய பள்ளியில்.

குடும்பத்துக்கு நெருக்கமான குரு ஒருவர் இருந்தார்: ஜான் லங்காஸ்டர் ஸ்பால்டிங். அவரும் கென்டக்கிக்காரர், பெல்ஜியத்தின் லூவேனில் படித்தவர், 1877 முதல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா ஆயர். அமெரிக்காவில் குருக்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்பது அவருடைய தீராத வாதம்.

ஆயர்களுக்கு ஏன் ஒரு பல்கலைக்கழகம் தேவைப்பட்டது

1884 நவம்பர் 9 முதல் டிசம்பர் 7 வரை அமெரிக்க ஆயர்கள் பால்டிமோரில் மூன்றாவது பொதுச்சங்கமாகக் கூடினார்கள். நவம்பர் 16 அன்று ஸ்பால்டிங் பேராலயத்தில் உயர்கல்வி குறித்து மறையுரை ஆற்றினார். குருமடம் என்பது தொழில் பழகும் இடம். அங்கே திருப்பலி நிறைவேற்றவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் தேவையான அளவு இறையியல் கிடைக்கும், அறிவு வளராது என்பது அவர் கருத்து. அந்தச் சங்கத்திலேயே 3 லட்சம் டாலர் கொடை ஆயர்கள் முன் வைக்கப்பட்டது. பேச்சும் பணமும் ஒரே மாதத்தில் வந்தது தற்செயல் அல்ல. ஸ்பால்டிங்தான் தன்னை இந்தப் பணிக்குத் தூண்டினார் என்று பின்னாளில் மேரியே எழுதினார்.

மேலே போவதற்கு முன் 3 சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இவை புரியாமல் நிபந்தனைகள் புரியாது.

1. மறைமாவட்டக் குரு: ஓர் ஆயரின் நேரடி அதிகாரத்தில், ஒரு மறைமாவட்டத்துக்குள் பணியாற்றுபவர்.

2. துறவற சபைக் குரு: இயேசு சபை, டொமினிக்கன் சபை போன்றவற்றைச் சேர்ந்தவர். அவருடைய தலைவர் சபைத் தலைவர், ஆயர் அல்ல. சபைக்குத் தனிச் சொத்து, தனி நிர்வாகம், ரோமுடன் தனித் தொடர்பு உண்டு.

3. பொதுநிலையினர்: குருக்களும் துறவியரும் அல்லாத சாதாரண விசுவாசிகள்.

அன்று அமெரிக்கக் கத்தோலிக்க உயர்கல்வி பெரும்பாலும் துறவற சபைகள் கையில் இருந்தது. வாஷிங்டனிலேயே இயேசு சபையின் ஜார்ஜ்டவுன் ஒரு நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அதே நகரத்தில் ஆயர்கள் இன்னொன்று தொடங்குவது சபைகளுக்கு இனிக்கவில்லை. நியூயார்க் பேராயர் கொரிகன், ராச்செஸ்டர் ஆயர் மெக்வெய்ட் போன்றோரும் எதிர்த்தார்கள்.

1884இன் நிபந்தனைகள்

மேரி பணத்தைச் சும்மா கொடுக்கவில்லை. எழுத்தில் நிபந்தனைகள் போட்டார். அவற்றில் முக்கியமானவற்றின் சாரம்:

1. நிறுவனம் அமெரிக்காவில் அமைய வேண்டும். வேறு எந்த நிறுவனத்துடனும் இணைக்கக் கூடாது.

2. ஆயர்கள் குழுவின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

3. எந்தக் காலத்திலும் துறவற சபை எதன் அதிகாரத்துக்குள்ளும் போகக் கூடாது. பேராசிரியர் பதவிகளுக்கு மறைமாவட்டக் குருக்களையும் பொதுநிலையினரையுமே முதலில் நாட வேண்டும்.

4. குருமடத்தின் அடிப்படைப் படிப்பை முடித்த குருக்களைக் கொண்டே தொடங்க வேண்டும். பிற துறைகள் பின்னர் சேரலாம்.

5. ஒருமுறை தேர்ந்தெடுத்த இடத்தை மிக அவசியமான காரணம் இல்லாமல் மாற்றக் கூடாது.

6. இந்தக் கொடைக்காகத் தன்னை நிறுவனராகக் கருத வேண்டும்.

முதல் ஐந்தும் ஒரு 21 வயதுப் பெண்ணின் கவலைகள் போல் இல்லை. துறவற சபைகளிடமிருந்து ஒரு நிறுவனத்தைக் காப்பாற்ற நினைக்கும் ஆயரின் கவலைகள் இவை. ஸ்பால்டிங்கின் குரல் நன்றாகக் கேட்கிறது. ஆறாவது மட்டும்தான் மேரிக்குத் தனிப்பட்ட முறையில் எதையாவது தருகிறது. அதுவும் ஒரு பட்டம். நிர்வாகக் குழுவில் இடம் இல்லை, கணக்குப் பார்க்கும் உரிமை இல்லை, நிபந்தனை மீறப்பட்டால் பணம் தனக்குத் திரும்பும் என்ற வாசகமும் இல்லை.

அதாவது இந்த ஆவணம் பணத்தை ஆயர்களிடமிருந்து எந்தச் சபையும் எடுத்துப்போக முடியாதபடி பூட்டியது. அதே பூட்டு கொடுத்தவருக்கு எதிராகவும் வேலை செய்யும். அவருக்கென்று ஒரு சாவி செய்து வைக்கப்படவில்லை.

3 லட்சம் டாலரால் எவ்வளவு முடியும்

மேரியே பின்னர் சொன்ன கணக்குப்படி அது அவர் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய தொகையாலும் ஒரு பல்கலைக்கழகம் நிற்காது. காரணம் எளிய வட்டிக் கணக்கு. அன்று பேராசிரியர் இருக்கை ஒன்றை நிரந்தரமாக நிறுவ 50,000 டாலர் முதலீடு தேவை என்று வைத்திருந்தார்கள். 5 சதவீத வட்டியில் அது ஆண்டுக்கு 2,500 டாலர் தரும். முதல், அதாவது போட்ட அசல் தொகை, அப்படியே இருக்கும். அந்த வீதத்தில் 3 லட்சத்துக்கு 6 இருக்கைகள் மட்டுமே. நிலம், கட்டடம், நூலகம், விறகு, விளக்கு எதற்கும் மிச்சம் இல்லை.

ஆகவே மேரியின் கொடையை வைத்து மற்றவர்களிடம் கேட்டார்கள். லீனா 50,000 டாலர் கொடுத்ததில் மண்டபத்தோடு சேர்ந்த சிற்றாலயம் வந்தது. பிலடெல்ஃபியாவின் ட்ரெக்ஸல் சகோதரிகள், நியூயார்க் வங்கியாளர் யூஜின் கெல்லி போன்றோர் இருக்கைகளுக்குக் கொடுத்தார்கள். 1891இல் ஜேம்ஸ் மெக்மஹன் என்ற குரு பெருமதிப்புள்ள நிலச் சொத்தைக் கொடுத்தார்; அவர் பெயரில் இன்னொரு மண்டபம் எழுந்தது.

1885இல் ப்ரூக்லேண்டில் சுமார் 65 ஏக்கர் மிடில்டன் பண்ணை வாங்கப்பட்டது. 1887இல் நிறுவனம் வாஷிங்டனில் சட்டப்படி பதிவானது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் ஒப்புதலும் வந்தது. 1888 மே 24 அன்று கால்டுவெல் மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டியபோது குடியரசுத் தலைவர் க்ளீவ்லேண்ட் வந்திருந்தார். 1889 நவம்பர் 13 அன்று வகுப்புகள் திறக்கப்பட்டன. முதல் தலைவர் ஆயர் ஜான் கீன். பொதுநிலை மாணவர்கள் 1895இல்தான் உள்ளே வந்தார்கள்.

விலகல் எப்படி நடந்தது

ஒரு நாளில் நடந்ததல்ல. வெளியில் தெரிந்த நிகழ்வுகள் இவை:

1889இல் மேரிக்கும் நெப்போலியன் காலத்து நேப்பிள்ஸ் அரசர் மூராவின் வழிவந்த ஓர் இளவரசருக்கும் நிச்சயமான திருமணம், சொத்துப் பங்கீட்டுச் சச்சரவில் முறிந்ததாக அன்றைய பத்திரிகைகள் எழுதின. 1890இல் லீனா ஜெர்மன் தூதர் பாரன் ஃபான் ஸெட்விட்ஸை மணந்தார். 1896இல் இங்கிலாந்துக் கடற்கரையில் நடந்த பாய்மரப் படகுப் பந்தயத்தில் ஜெர்மன் பேரரசரின் மீட்டியோர் படகு மோதி பாரன் இறந்தார். அதே ஆண்டு பாரிஸில் மேரி பிரெஞ்சுப் பிரபுவான மார்க்கி தே மோன்ஸ்தியே-மெரன்வில்லை மணந்தார். மணத்தை நடத்தி வைத்தவர் ஸ்பால்டிங். 1899இல் நோட்ர டேம் பல்கலைக்கழகம், அமெரிக்கக் கத்தோலிக்கப் பொதுநிலையினருக்கு உரிய உயர்ந்த விருதான லெட்டாரே பதக்கத்தை மேரிக்கு அளித்தது. ஐந்தே ஆண்டில் அவர் வெளியே.

1904 கடிதத்தில் அவர் சொன்னவற்றின் சாரம்: ஐரோப்பாவில் வாழ்ந்தபோது திருச்சபையின் உண்மை முகம் தெரிந்தது, ஆனால் சிக்கல் அதற்கும் முன்பிருந்தே உண்டு. இயல்பாகவே பக்தியுள்ள தான், அமெரிக்காவில் தாழ்ந்திருந்த திருச்சபையை உயர்த்த நினைத்துக் குருக்களின் கல்விக்குப் பணம் கொடுத்தார். அந்தத் திருச்சபையின் நுட்பமான பிடியிலிருந்து விடுபடப் பல ஆண்டுகள் போராடி, கடைசியில் தன்னுள் இருந்த புராட்டஸ்டண்ட் இரத்தம் வென்றது.

இதை நாத்திகம் என்று படித்தால் தவறு. கடவுள் இல்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. மீட்புக்கு ஒரே வாயில் தானே என்று ஒரு நிறுவனம் கோருவதைத்தான் மறுத்தார். சமய நம்பிக்கை இழப்பு என்ற தலைப்பில் வரும் பல செய்திகளில் இந்த வேறுபாடு விட்டுப்போகிறது. கடவுளை மறுப்பது வேறு, திருச்சபையை மறுப்பது வேறு. கொடை பற்றிய தகராறுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது.

ஸ்பால்டிங்குடன் இருந்த உறவும் இந்தக் கதைக்குள் வருகிறது. அவருடைய ஒழுக்கம் குறித்துக் கால்டுவெல் சகோதரிகளின் கடுமையான குற்றச்சாட்டு ரோமுக்குப் போனது. 1902இல் சிகாகோ பேராயர் பதவி காலியானபோது ஸ்பால்டிங்கின் பெயர் பலமாக அடிபட்டது. 1903இல் பதவி பஃபலோ ஆயர் குவிக்லிக்குப் போனது. குற்றச்சாட்டு எந்தப் பொது விசாரணையிலும் தீர்க்கப்படவில்லை. எனவே அதைக் குற்றச்சாட்டு என்ற அளவிலேயே நிறுத்துவதுதான் முறை. லீனாவும் விலகினார், 1906இல் ரோமத் திருச்சபையைச் சாடி ஒரு நூலே வெளியிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தால்?

மேரி வழக்குத் தொடுக்கவில்லை. தொடுத்திருந்தால் அவர் தட்டியிருக்கக்கூடிய கதவுகள் நான்கு.

1. கொடையை ரத்து செய்தல். கொடுக்கும் எண்ணம், ஒப்படைப்பு, ஏற்பு ஆகிய மூன்றும் நடந்து முடிந்தால் கொடை நிறைவுறுகிறது. பிறகு மனமாற்றம் காரணமாகாது. கொடுக்கும்போது இருந்த நம்பிக்கை கொடைக்கான தூண்டுதல் மட்டுமே. அது கொடையின் நிபந்தனை அல்ல. தூண்டுதல் மறைந்தாலும் கொடை நிற்கும். இந்தக் கதவு முழுதாக மூடியது.

2. நிபந்தனை மீறல். இதற்கு நிபந்தனை மீறப்பட்டிருக்க வேண்டும். பல்கலைக்கழகம் ஆயர்கள் கையில் இருந்தது, சபைகளிடம் போகவில்லை, வாஷிங்டனை விட்டும் நகரவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. திரும்பு உரிமை வெளிப்படையாக எழுதப்படாவிட்டால், நிபந்தனை மீறினாலும் பணம் கொடையாளருக்கு வராது. நீதிமன்றம் நிபந்தனையை நிறைவேற்றச் சொல்லும், அவ்வளவுதான். அதையும் கேட்க வேண்டியவர் பொதுவாக அரசு வழக்கறிஞரே. பொது அறக்கொடைகளின் காவலர் அவர் என்பது பழைய விதி. 1819இன் டார்ட்மவுத் கல்லூரித் தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கொடையாளர்களின் நோக்கத்தை அவர்களுக்குப் பின் காப்பாற்றுவது அந்த நிறுவனமே என்ற நிலையை எடுத்திருந்தது. கொடுத்தவரின் இடத்தில் வாங்கியவர் வந்து உட்காருகிறார். விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் கொடையாளர் இறந்த பின்னும் கொடை வாழ இது தேவைப்பட்டது.

3. முறையற்ற செல்வாக்கு. நான்கில் ஓரளவு பலமுள்ளது இதுதான். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1887இல் தீர்த்த ஆல்கார்ட் எதிர் ஸ்கின்னர் வழக்கு இதற்கு இலக்கணம். ஆங்கிலிக்கன் சகோதரிகள் மடம் ஒன்றில் 1871இல் சேர்ந்த ஒரு பெண் தன் சொத்தில் சுமார் 7,000 பவுண்டை மடத் தலைவியிடம் ஒப்படைத்தார். வெளியாரிடம் ஆலோசனை கேட்கக் கூடாது என்பது மடத்தின் விதி. 1879இல் வெளியேறிக் கத்தோலிக்கரானார். சில ஆண்டுகள் கழித்து வழக்குத் தொடுத்து, கடைசியில் செலவாகாமல் மிஞ்சியிருந்த சுமார் 1,671 பவுண்டை மட்டும் கேட்டார். நீதிபதிகள் சொன்னது: ஆன்மிக மேலாளர் மீதுள்ள கீழ்ப்படிதல், சாதாரணக் காரணத்தால் விளக்க முடியாத அளவு பெரிய கொடை, சுதந்திரமான ஆலோசனை இல்லாமை ஆகிய மூன்றும் சேர்ந்தால், செல்வாக்கு இருந்தது என்றே அனுமானிக்கலாம்; யாரும் ஏமாற்றினார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. இருந்தும் அந்தப் பெண் தோற்றார். செல்வாக்கு நீங்கியபின் ஏறத்தாழ 6 ஆண்டுகள் சும்மா இருந்ததே காரணம். ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார்.

மேரிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால்: பெரிய கொடை உண்டு, ஆன்மிக வழிகாட்டி உண்டு, அவர் தூண்டியதை மேரியே எழுதியிருக்கிறார். ஆனால் மேரி மடத்துக்குள் இருக்கவில்லை, கீழ்ப்படிதல் வாக்கு கொடுக்கவில்லை, பணம் ஸ்பால்டிங்கின் கைக்கும் போகவில்லை. ஆயர்கள் அனைவரின் பொது நிறுவனத்துக்குப் போனது. எல்லாவற்றையும் விட, 20 ஆண்டுகளும் ஒரு பதக்கமும் ஓடிவிட்டன. பதக்கத்தை மறுக்காமல் ஏற்றது, கொடையை அவர் மறுபடி உறுதிசெய்ததாக எதிர்த்தரப்பு வாதிட வழிவிடும்.

4. நோக்கம் பொய்த்துப்போதல். கொடையின் நோக்கம் நடக்க முடியாததானால் மிக நெருக்கமான வேறு நோக்கத்துக்கு அதை நீதிமன்றம் திருப்பலாம். இங்கே நோக்கம் நடந்துகொண்டிருந்தது. பேச இடமில்லை.

திருச்சபைச் சட்டத்தின் பக்கம் சுருக்கமாக: விசுவாசத்தைப் பகிரங்கமாக மறுப்பவர் மீது சபைநீக்கம் தானாகவே விழும் என்ற விதி அன்று நடைமுறையில் இருந்தது. அது நபர் மீது விழும் தண்டனை; அவர் முன்பு செய்த கொடையை அது தொடாது. விலகியவரின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை எதுவும் நிறுவனத்துக்கு இல்லை.

உண்மையில் பணம் போன இடம்

நிறுவனர் விலகிய அதே 1904இல் பல்கலைக்கழகம் ஆட்டம் கண்டது உண்மை. ஆனால் காரணம் மேரி அல்ல. பொருளாளர் தாமஸ் வாகமன் வாஷிங்டனில் நில வியாபாரி. பல்கலைக்கழகத்தின் முதலீட்டுப் பணத்தைத் தன் வழியாகவே நிலத்தில் போட்டிருந்தார். அந்த ஆண்டு அவர் திவாலானபோது அவரிடம் சிக்கியிருந்தது சுமார் 8,76,000 டாலர். மேரி கொடுத்ததைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. முழுவதையும் மீட்க முடியவில்லை. பல்கலைக்கழகத்தின் வேந்தரான கர்தினால் கிப்பன்ஸ் நாடு முழுதும் கையேந்த வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டே பங்கு ஆலயங்களில் தொடங்கியிருந்த ஆண்டுக் காணிக்கைதான் பல்கலைக்கழகத்தைத் தாங்கிப் பிடித்தது.

பத்திரிகைகளுக்கு மேரியின் கடிதம் சுவையான செய்தி. கணக்குப் புத்தகத்துக்கு வாகமன்தான் செய்தி. கொடுத்தவரின் விசுவாசம் தளர்ந்ததால் ஒரு சதமும் நட்டமில்லை. வாங்கியவரின் மேற்பார்வை தளர்ந்ததால் அறக்கொடை கரைந்தது. முதலீட்டைக் கையாள்பவரே அதில் கடனாளியாகவும் இருப்பதை யாரும் தடுக்கவில்லை. சபைகளிடமிருந்து பணத்தைக் காத்த 1884இன் நிபந்தனைகளில், பொருளாளரிடமிருந்து காக்க ஒரு வரி கூட இல்லை. ஆண்டுத் தணிக்கை வேண்டும், முதலீட்டைப் பல இடங்களில் பிரித்துப் போட வேண்டும், அதிகாரிகளின் சொந்தத் தொழிலில் போடக் கூடாது என்ற மூன்று வாசகங்கள் போதுமாயிருந்திருக்கும்.

முதலைக் கொடுப்பதும் வருமானத்தைக் கொடுப்பதும்

அதே தலைமுறையில் இன்னொரு கத்தோலிக்கப் பெருஞ்செல்வப் பெண் கேத்ரின் ட்ரெக்ஸல். தந்தை பிரான்சிஸ் ட்ரெக்ஸல் 1885இல் இறந்தபோது சுமார் 1.55 கோடி டாலர் விட்டுச் சென்றார். பத்தில் ஒரு பங்கு உடனே அறப்பணிகளுக்கு. மீதி மூன்று மகள்களுக்காக அறக்கட்டளையில். ஆனால் மகள்களுக்கு வருமானம் மட்டுமே. முதலைத் தொட முடியாது. மகள்கள் வாரிசில்லாமல் இறந்தால் முதல், உயிலில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்குப் போகும்.

கேத்ரின் 1891இல் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கி, கறுப்பின மக்களுக்கும் செவ்விந்தியருக்கும் பள்ளிகள் நடத்த ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவிட்டார். 1955இல் இறந்தார், 2000இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் இறந்ததும் வருமானம் நின்றது. முதல் முழுவதும் 1885இன் பட்டியலுக்குப் போனது. அவருடைய சொந்தச் சபைக்கு எதுவும் இல்லை. உயில் எழுதியபோது அந்தச் சபை பிறக்கவே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஏற்பாட்டின் விளைவு தெரிகிறது. முதலைக் கொடுத்த மேரியின் கொடை, விசுவாசம் போன பிறகும் நிலைத்தது. வருமானத்தை மட்டும் கொடுக்க முடிந்த கேத்ரினின் கொடை, விசுவாசம் கடைசிவரை நிலைத்தும் அவர் மூச்சோடு நின்றது. ஒரு பேச்சுக்கு, கேத்ரின் நடுவில் மனம் மாறியிருந்தால் அடுத்த காலாண்டிலேயே பள்ளிகளுக்குச் சம்பளம் நின்றிருக்கும். முதல் கையில் இருக்கிறதா, ஆண்டுதோறும் வர வேண்டியதா என்பதைத்தான் கொடை வாங்கும் நிறுவனம் முதலில் பார்க்க வேண்டும். கொடுப்பவர் எவ்வளவு பக்தியுள்ளவர் என்பது அதற்கு அடுத்தது.

பெயரை ஏன் எடுக்க முடியவில்லை

கட்டடத்தில் பெயர் வைப்பது சில நேரம் வெறும் நன்றி. சில நேரம் ஒப்பந்தம். நன்றி என்றால் நிறுவனம் விரும்பியபோது எடுக்கலாம். ஒப்பந்தம் என்றால் எடுப்பது கொடையின் நிபந்தனையை மீறுவதாகும்.

இதற்கு அண்மைக்கால உதாரணம் டென்னிசியின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். 1933இல் ஒரு மகளிர் அமைப்பு 50,000 டாலர் கொடுத்ததில் உருவான விடுதிக்குக் கூட்டமைப்பு நினைவு மண்டபம் என்று பெயர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் பெயர் அது. அதை நீக்கப் பல்கலைக்கழகம் முயன்றபோது 2005இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், பெயர் கொடையின் நிபந்தனை, நீக்க வேண்டுமானால் கொடையின் இன்றைய மதிப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்றது. 2016இல் 12 லட்சம் டாலர் கொடுத்துப் பெயரை எடுத்தார்கள்.

கால்டுவெல் கொடையில் கட்டடப் பெயர் பற்றித் தனி நிபந்தனை என்பதை விட வலுவான ஒன்று இருக்கிறது: நிறுவனராகக் கருத வேண்டும் என்பது. அதை ஆயர்கள் ஏற்றே பணத்தை வாங்கினார்கள். இன்றைய கொடை ஒப்பந்தங்களில் கொடையாளர் குற்றம் செய்து தண்டனை பெற்றால் பெயரை நீக்கலாம் என்ற வாசகம் சாதாரணம். ஆனால் கொடையாளர் மதம் மாறினால், நம்பிக்கை இழந்தால் என்ன என்று எழுதுவது சமய நிறுவனங்களிலும் அரிது. எழுதவும் சங்கடம், வாங்கும்போது கேட்கவும் சங்கடம். 1884இல் ஆயர்களும் கேட்கவில்லை. நிறுவனர் என்ற சொல்லோடு, கத்தோலிக்கராக இருக்கும்வரை என்ற சொற்களை யாரும் சேர்க்கவில்லை.

மேரி 1909 அக்டோபரில், ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் வந்துகொண்டிருந்த ஜெர்மன் கப்பலிலேயே இறந்தார். ஸ்பால்டிங் 1905இல் பக்கவாதம் தாக்கி, 1908இல் பதவி விலகி, 1916வரை வாழ்ந்தார். கால்டுவெல் மண்டபம் இன்றும் அதே பெயரில்தான் இயங்குகிறது.